காய்ச்சல் மாத்திரையா, வலிப்பு மாத்திரையா: வழக்கு எதன் மேல்?

கேள்வி: தேவகோட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு நாலரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. சென்ற ஆண்டு தை மாதம் மதுரையில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏழாம் மாதக் கர்ப்பத்தில் காய்ச்சல் வந்து நான்கு நாள் பாராசிட்டமால் சாப்பிட்டேன். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது, அமெரிக்காவிலேயே சொல்லிவிட்டார்கள் என்று மாமியார் தினமும் சொல்லிக் காட்டுகிறார். காரைக்குடியில் ஒருவர், அமெரிக்க வழக்கில் எங்கள் பெயரையும் சேர்த்தால் கோடிக்கணக்கில் கிடைக்கும், இப்போது ரூ.15,000 கட்டினால் போதும், பணம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும் என்கிறார். எனக்குப் பள்ளி நாளிலிருந்தே வலிப்பு உண்டு. சோடியம் வால்புரோயேட் சாப்பிடுகிறேன்; கர்ப்பத்திலும் நிறுத்தவில்லை. திருமணத்தின்போது இதைப் புகுந்த வீட்டில் சொல்லவில்லை. கணவருக்கு மட்டும் அந்த ஆண்டே தெரியும். என்னிடம் இருக்கும் சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பணத்தைக் கட்டலாமா? இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். கைப்பட எழுதிய மருத்துவச் சீட்டு எதன் அசலையும் அந்த மனிதரிடம் விட்டுவைக்காதீர்கள்.

அவர் வழக்கறிஞராக இருந்தால், வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும், வீடு தேடி வந்து வழக்குப் பிடிப்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. வழக்கறிஞர் இல்லையென்றால் உங்கள் பெயரில் வழக்கு நடத்த அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. இரண்டில் எதுவானாலும் அவரிடம் உங்களுக்கு வேலை இல்லை. பிள்ளைக்குப் பேச்சு வராத வீட்டைத் தேடிப் போய் நம்பிக்கையை விலைக்கு விற்பவர்கள் மேல் எனக்குக் கடுங்கோபம் உண்டு. அதை மறைத்து நாகரிகமாக எழுத என்னால் முடியவில்லை.

அவர் சொல்லும் அமெரிக்க வழக்கு உண்மையானதுதான். கர்ப்பத்தில் பாராசிட்டமால் சாப்பிட்டதால் குழந்தைக்கு ஆட்டிசமோ கவனக்குறைவுக் கோளாறோ வந்தது என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தொடுத்த வழக்குகளை 2022-இல் நியூயார்க்கில் ஒரே நீதிபதியிடம் சேர்த்தார்கள். நீதிபதி டெனிஸ் கோட், 2023 டிசம்பரில், குடும்பங்களின் தரப்பில் நிறுத்தப்பட்ட நிபுணர்களின் சாட்சியம் அறிவியல் முறைப்படி நிற்கவில்லை என்று அதை ஏற்க மறுத்துவிட்டார். நிபுணர் சாட்சியம் இல்லாமல் இப்படிப்பட்ட வழக்கு ஒரு நாளும் நிற்காது. 2024-இல் அவை தள்ளுபடியாயின. குடும்பங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அங்கே என்ன ஆனாலும், தேவகோட்டை மருந்துக் கடையில் வாங்கிய இந்திய நிறுவனத்தின் மாத்திரைக்காக நியூயார்க் நீதிமன்றத்தில் உங்களுக்கு வழக்கு இல்லை.

உங்கள் மாமியார் கேட்ட செய்தி 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் அறிவித்தது. அறிவித்த சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும், ஆட்டிசத்துக்குப் பாராசிட்டமால் காரணம் என்று காட்டும் உறுதியான சான்று இல்லை என்று சொல்லிவிட்டன. இதில் பெரிய ஆய்வு ஸ்வீடனில் நடந்து 2024-இல் வெளியானது. 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறக்குறைய 24.8 லட்சம் குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது பாராசிட்டமால் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் ஆட்டிசம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே தாய் ஒரு கர்ப்பத்தில் மாத்திரை சாப்பிட்டு இன்னொரு கர்ப்பத்தில் சாப்பிடாமல் பெற்ற உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அப்படியானால் மாத்திரையைத் தாண்டி, அந்தக் குடும்பத்தின் உடல்வாகிலும் மாத்திரை சாப்பிட நேர்ந்த நோயிலும்தான் காரணத்தைத் தேட வேண்டும். கர்ப்பத்தில் கடும் காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதே குழந்தைக்குத் தீங்கு. ஏழாம் மாதத்தில் நான்கு நாள் நீங்கள் செய்தது சரியான காரியம். இந்தப் பத்தியை உங்கள் கணவர் அவருடைய அம்மாவிடம் படித்துக் காட்டட்டும். அது அவர் பொறுப்பு, உங்கள் பொறுப்பல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வலிப்பு மாத்திரை வரி.

நான் மருத்துவர் அல்ல. ஆனால் வால்புரோயேட் விஷயத்தில் மருத்துவ உலகில் பெரிய சர்ச்சை ஏதும் இல்லை. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பேருக்குப் பேச்சு, நடை, நினைவாற்றல், அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பின்னடைவு ஏற்படலாம் என்று ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2014-இலேயே எச்சரித்தது. ஆட்டிசத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால், 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் வால்புரோயேட் பட்ட குழந்தைகளில் 4.42 சதவீதம் பேருக்கும், பொதுவாக எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் 1.53 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. டோஸ் கூடக் கூட அபாயமும் கூடும். முதுகெலும்புக் குறைபாட்டோடு இந்த மருந்துக்குள்ள தொடர்பு 1982-இலேயே பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து வெளிவந்துவிட்டது. நீங்கள் பிறப்பதற்கு முன்பே தெரிந்த சங்கதி இது.

இதைப் படித்ததும் உங்கள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாத்திரையின் பழி இறங்கியது, இன்னொன்றின் பழி ஏறிவிட்டது என்று நினைக்காதீர்கள். வலிப்பு உள்ள ஒரு பெண் மருத்துவர் எழுதியதை ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட்டதில் என்ன குற்றம்? நடுவில் நீங்களாக நிறுத்தியிருந்தால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் இல்லாமல் போயிருக்கலாம். நீங்கள் சாப்பிட்டதைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. உங்களிடம் யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதே என் கேள்வி. சட்டமும் அதைத்தான் கேட்கும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலாவது, வலிப்புக்குப் பார்க்கும் மருத்துவரின் சீட்டு. வால்புரோயேட் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மேலே மூலையில் அவர் கையெழுத்திலேயே, கர்ப்பம் 12 வாரம் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, சென்ற முறை எழுதிய அதே மருந்து, மூன்று மாதத்துக்கு. அபாயத்தைச் சொன்னதாகவோ, வேறு மருந்துக்கு மாற்ற யோசித்ததாகவோ, போலிக் அமில மாத்திரை கொடுத்ததாகவோ ஒரு சொல் இல்லை. இரண்டாவது, பிரசவம் பார்த்த மருத்துவமனையின் அட்டை. அதில் ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வாய் திறக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த இரண்டு தாள்களும் வழக்கின் திசையைத் தீர்மானித்துவிட்டன. பிரசவம் பார்த்தவர் மேல் போவதில் பயன் இல்லை, அவருக்குத் தெரியாது. முதலாமவர் நிலை வேறு. அவருக்கு உங்கள் வயது தெரியும், திருமணமானது தெரியும், கர்ப்பம் தெரியும், மருந்து இன்னதென்று தெரியும்.

சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வகுத்தது. அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு மருத்துவர் அந்த நிலையில் என்ன செய்திருப்பாரோ, அதைச் செய்தாரா என்று பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்லப்போவது இது: சில வகை வலிப்புக்கு வால்புரோயேட் அளவுக்கு வேறு மருந்து கேட்பதில்லை; பன்னிரண்டாம் வாரத்தில் மாற்றுவதும் ஆபத்து. அதில் நியாயம் இருக்கிறது. ஆகவே நம் புகார், ஏன் கொடுத்தீர்கள் என்பதாக இருக்கக் கூடாது. கர்ப்பத்துக்கு முன்பே, திருமணமான ஆண்டிலேயே, இந்த மருந்தால் பிள்ளைக்கு இன்ன அபாயம் என்று ஏன் சொல்லவில்லை, லெவெட்டிராசெட்டாம், லாமோட்ரிஜின் போன்ற மாற்று மருந்துகளை முயன்று பார்த்தீர்களா என்பதாக இருக்க வேண்டும். நோயாளிக்குச் சிகிச்சையின் தன்மையையும் அபாயத்தையும் மாற்று வழிகளையும் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்குக்கு முதுகெலும்பு அந்தத் தீர்ப்பு.

மருந்து நிறுவனத்தின் மேல் போகலாமா என்றும் யாராவது கேட்பார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய எச்சரிக்கை இல்லாமல் பொருளை விற்ற உற்பத்தியாளரிடம் இழப்பீடு கேட்க வழி உண்டு. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது, உங்கள் கர்ப்பம் அதற்குப் பிந்தையது. ஆனால் அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய பொருளென்றால், அந்த நிபுணருக்கு நிறுவனம் தகுந்த முறையில் எச்சரிக்கை தந்திருந்தால் போதும். மருத்துவர்களுக்குத் தரும் தாளில் எல்லாம் அச்சிட்டிருக்கிறோம் என்று நிறுவனம் அதைக் காட்டும். காட்டட்டும், அது உண்மையென்றால், தெரிந்தும் சொல்லவில்லை என்று மருத்துவர் மீதான புகார் இன்னும் வலுக்கும். நிறுவனத்தையும் ஒரு எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்வேன். அந்தத் தாள் நீதிமன்றத்துக்கு வரவேண்டும்.

பிரான்ஸில் நடந்ததும் இதே வழக்குத்தான். அங்கே பாதிக்கப்பட்ட தாய்மார் ஒன்றுசேர்ந்து பல ஆண்டு போராடிய பிறகு அரசு தனி இழப்பீட்டு ஏற்பாடு செய்தது. 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், தயாரித்த நிறுவனம் எச்சரிக்கும் கடமையில் தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. பிரிட்டனில் நோயாளர் பாதுகாப்பு ஆணையர் 2024 பிப்ரவரியில், வால்புரோயேட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு முதற்கட்டமாகத் தலா ஒரு லட்சம் பவுண்டு தரப் பரிந்துரைத்தார். நம் நாட்டில் அப்படி ஒரு நிதி கிடையாது. ஒவ்வொரு தாயும் தனித்தனியே படியேற வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கே, எப்போது என்பதைச் சொல்கிறேன். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மருத்துவர் மதுரையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. சிகிச்சைக்கும் மருந்துக்கும் கொடுத்த பணம்தான் கணக்கு. ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதால் கட்டணம் கிடையாது. நீங்களும் மகனும் இருவருமே நுகர்வோர் என்பதை 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது; இருவர் பெயரிலும் கேளுங்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பெரும்பாலான புகார்கள் அடிபடுகின்றன. பாதிப்பு வெளியே தெரியாமல் இருந்து பிறகு தெரியவந்தால், நியாயமான கவனத்தோடு அது தெரியவந்திருக்கக் கூடிய நாளிலிருந்து எண்ணலாம் என்று 2010-இல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதுரையில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தது சென்ற ஆண்டு தை மாதம். வரும் தை பிறப்பதற்குள் புகார் பதிவாகிவிட வேண்டும். அதற்கு முன்பே, பிள்ளைக்கு இரண்டு வயதில் பேச்சு வராதபோதே உங்களுக்குத் தெரியும் என்று எதிர்த்தரப்பு கிளப்பும். எனவே தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் கையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கெடு தவறினாலும் உரிமையியல் நீதிமன்றக் கதவு மகனுக்கு மூடாது. மைனராக இருக்கும்வரை அவன் தரப்பில் காலம் ஓடுவதில்லை. ஆனால் அத்தனை ஆண்டு கழித்துச் சாட்சியம் எங்கே இருக்கும்?

சாட்சியம் என்றதும் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. நம் செட்டிநாட்டு வீடுகளில் தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு வரை பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும். மருந்துச் சீட்டு மட்டும் அடுத்த பொங்கலுக்குப் பழைய காகிதத்தோடு போய்விடும். நீங்கள் வைத்திருக்கிறீர்கள், நல்லது. மருந்துக் கடை ரசீதுகளை இன்றே நகல் எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் அச்சு மங்கிப்போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். உங்கள் படங்களில் ஒன்று ஏற்கெனவே பாதி அழிந்திருக்கிறது. கடைக்காரரிடம் கணினியில் பழைய விற்பனைப் பதிவு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பதிவுகளின் நகலை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. உள்நோயாளி பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலமே மூன்று ஆண்டுதான் என்பதால், நகலைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். இல்லை என்று அவர்கள் எழுதினால் அந்தப் பதிலும் ஆவணம்தான்.

பிறகு, பிள்ளையை ஒரு மரபணு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசத்துக்குக் காரணங்கள் பல. இந்தப் பிள்ளைக்கு இந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபிப்பதே உங்கள் வழக்கின் கடினமான பகுதி. வால்புரோயேட் பட்ட குழந்தைகளிடம் முக அமைப்பில் சில அடையாளங்கள் இருப்பதுண்டு; பழகிய மருத்துவரால் கண்டு எழுத முடியும். வேறு மரபணுக் காரணம் இருக்கிறதா என்ற சோதனையையும் நாமே செய்துவிடுவது நல்லது. அதில் வேறு காரணம் வந்தால் வழக்கு நிற்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதும் அந்த முடிவு பிள்ளையின் சிகிச்சைக்கும் அடுத்த பிரசவத்துக்கும் வேண்டியது.

உங்களுக்குள் இருக்கும் பெரிய பயம், வழக்குப் போட்டால் வலிப்பு இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும், திருமணத்துக்கே ஆபத்து என்பது. தெரியத்தான் செய்யும், புகாரில் அதை எழுதாமல் முடியாது. ஆனால் திருமணத்தைப் பற்றிய பயம் வேண்டாம். வலிப்பை ஒரு குறையாகக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யும் வழி இந்துத் திருமணச் சட்டத்தில் 1999 வரை இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் வலிப்பு என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று வாதாட நினைத்தாலும், தெரிந்த ஓராண்டுக்குள் நீதிமன்றம் வந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வாதம் நிற்காது. உங்கள் கணவருக்குத் திருமணமான ஆண்டே தெரியும், மாத்திரையும் அவர்தான் வாங்கி வருகிறார். அவரிடம் முதலில் பேசுங்கள். பிறகு மாமியாரிடம் அவரே சொல்லட்டும். ஆணையத்தின் சம்மனிலிருந்து மாமியார் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கும் கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். மருந்தின் பாதிப்பைப் பதிவு செய்ய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற எண் இருக்கிறது. அதிலும் சொல்லுங்கள். அது உங்களுக்குப் பணம் தராது. உங்களைப் போன்ற இன்னொரு பெண்ணின் சீட்டில் எச்சரிக்கை வர உதவும்.

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். பையனால் அதுவரை காத்திருக்க முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள இருபத்தொரு வகைகளில் ஆட்டிசம் ஒன்று. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்குங்கள்; அதை வைத்துத் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும். சிறு வயதுக் குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தைப் பற்றிச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். பேச்சுப் பயிற்சி இந்த வாரமே தொடங்கட்டும்.

கடைசியாக, இரண்டாவது குழந்தை. இன்றும் நீங்கள் அதே வால்புரோயேட்டைத்தான் சாப்பிடுகிறீர்கள் என்பதால் இதற்கு மட்டும் நாளை என்று தள்ளாதீர்கள். என் கடிதத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான வலிப்பு வரலாம். கருத்தரிக்காமல் பார்த்துக்கொண்டு, வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் கணவரோடு போங்கள். குழந்தை வேண்டும், இந்த மருந்தை மாற்ற முடியுமா, மாற்றினால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும், போலிக் அமிலம் எப்போது தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், வழக்கறிஞர் கேட்டார் என்று சொல்லலாம்.